வாயில் முட்டை வைத்த கெளுத்தி

இன்று காலை மீன்காரி கூடையிலிருந்து ஒரு கடல் கெளுத்தியை எடுத்து வைத்ததும், என் விரல் தானாகப் போய் அதன் வாயைத் திறந்தது. மருமகள் முகம் சுளித்தாள். "எல்லாரும் செவுளப் பாத்து வாங்குவாங்க. நீங்க பல்லப் பாக்குறீங்க" என்றாள். உன்னால் வந்த பழக்கம்தான். நீ போய்ச் சேர்ந்து ஐந்து மாதமாகியும் அது போகவில்லை.

வெள்ளைக்காரன் காலத்து ராயபுரத்தில், நம் தெருவிலிருந்து விலங்கியல் படிக்கப் போன பெண் நீ ஒருத்திதான். ஆண் கெளுத்தி முட்டைகளை வாயில் வைத்துக் காக்கும், குஞ்சு பொரியும்வரை இரை தொடாது என்று கட்டுரை எழுதிவிட்டாய். "கண்ணால் பார்த்தாயா?" என்றார் பேராசிரியர். புத்தகத்தில் பார்த்தேன் என்றாய். திங்கட்கிழமைக்குள் முட்டையோடு மீனைக் காட்டினால்தான் மேற்படிப்புக்குச் சிபாரிசு என்றுவிட்டார். சிபாரிசு இல்லையென்றால் தையில் கல்யாணம் என்றார் உன் அப்பா. மாப்பிள்ளைக்கு மீன் வாடையே ஆகாதாம்.

கரையில் மீன் விற்கும் அஞ்சலையிடம் கெளுத்தி வேண்டும் என்று மட்டும் சொல்லிவைத்தோம். சனிக்கிழமை போனால், சிரித்த முகத்தோடு இலைப்பொட்டலத்தை நீட்டினாள். உள்ளே கெளுத்தி, துண்டு துண்டாக, மஞ்சள் தடவி. வேண்டியவர்களுக்கு மீனை ஆய்ந்து கொடுப்பதுதான் அவள் செய்யும் மரியாதை.

"தல எங்கே?" என்றாய்.

"தலயில இன்னா கீது, வெறும் முள்ளு. வாயி நெறைய முட்ட வேற. பூனைக்குப் போட்டுட்டேன்."

நீ மணலில் உட்கார்ந்து அழுதாய். நான் சிரித்துத் தொலைத்தேன். அதற்கு நீ கிள்ளிய கிள்ளு இன்னும் நினைவிருக்கிறது.

விஷயம் தெரிந்ததும் அஞ்சலைக்கு ஒரே வியப்பு. "இத்த பாக்கவா காலேஜிக்குப் போய்கினு கீற? ஆம்பள மீனு புள்ளைக்கோசரம் பட்டினி கெடக்கும். எங்க வூட்டுக்காரருக்கு இத்த யாராச்சும் எழுதிப் போடுங்க."

திங்கட்கிழமை அவளே டிராம் ஏறி வந்தாள். மடியில் பானை, பானைக்குள் வலைநூலால் வாய் கட்டிய கெளுத்தி. பேராசிரியர் அறையில் நூலை அவிழ்த்ததும் முட்டைகள் கோலிக்குண்டுகளாய் மேஜைமேல் உருண்டன. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு முட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அஞ்சலைக்கு மனம் இளகிவிட்டது.

"சாரு இத்த பாத்ததே இல்லியா? பாவம்."

அன்றே கையெழுத்துப் போட்டார்.

பின்னாளில் எண்ணூர்க் கழிமுகத்து மீன்களைப் பற்றி நீ எழுதியதன் கடைசி வரியில் அஞ்சலைக்கு நன்றி சொல்லியிருந்தாய். அவளிடம் படித்துக் காட்டினேன். "பூனைக்குப் போட்டத எழுதலியே?" என்று மட்டும் கேட்டாள்.

எத்தனையோ கெளுத்தி வாங்கிவிட்டேன், எத்தனையோ வாயைத் திறந்துவிட்டேன். இன்றுதான் முதல்முறையாக உள்ளே முட்டை இருந்தது. சட்டென்று உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன்.