ஒரு விசில், ரெண்டு விசில்

நவம்பர் 12, புதன்

காலையிலிருந்து தூறல். கூடவே பனி. எதிர் வீட்டுப் புளியமரம்கூடத் தெரியவில்லை. கொடியில் போட்ட வேட்டி எதுவும் காய்ந்தபாடில்லை. வீட்டுக்காரி சரோஜா எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டுபோய் விறகடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போட்டிருக்கிறாள். ஒரு வாரமாக என் மேல் புகை நாற்றம். மூத்திர நாற்றத்துக்கு அது தேவலை.

ஆபரேஷனில் வைத்த மூத்திர டியூப் எடுத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. சொட்டு நிற்கவில்லை. இருமினால், தும்மினால், எழுந்தால், சிரித்தால். சிரிப்பு பிரச்சினை இல்லை, வருவதில்லை.

வேலூரில் புரோஸ்டேட்டில் கேன்சர் என்று சொன்ன அன்றும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றபோதும் அதே. சரோஜாதான் இரண்டு தடவையும் அழுதாள். நான் ஊருக்குக் கடைசி பஸ் எப்போது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். முப்பது வருஷம் டிரைவர் வேலை பார்த்த புத்தி.

மாலை அன்சர் பாய் போன். வாணியம்பாடியில் தோல் வியாபாரம், வார்டில் என் வலப்பக்கக் கட்டில். இடப்பக்கக் கட்டில் சின்னாண்டி, நான் இருக்கும் இதே மலையில் சாமை பயிரிடுகிறவர். மூவருக்கும் ஒரே வாரத்தில் ஒரே ஆபரேஷன். பாய்தான் மூன்று பேரையும் ஒரே லைனில் சேர்ப்பார். சின்னாண்டி மட்டும் சிக்னலுக்காகப் பாறை மேல் ஏறி நிற்க வேண்டும்.

போனில் நடப்பது, நர்ஸ் சொல்லிக்கொடுத்த பயிற்சி. மூத்திரத்தை அடக்குகிற மாதிரி இறுக்க வேண்டும், பிறகு விட வேண்டும். சின்னாண்டிக்கு எப்போது இறுக்குவது, எப்போது விடுவது என்று குழப்பம். வார்டிலேயே நான்தான் வழி சொன்னேன். கண்டக்டர் கணக்கு. ஒரு விசில் என்றால் வண்டி நிற்கணும், இறுக்கு. ரெண்டு விசில் என்றால் வண்டி போகலாம், விடு. அன்றிலிருந்து சின்னாண்டிதான் கண்டக்டர். பாறை மேல் நின்று வாயைக் குவித்து ஊதுகிறார். ஆடுகள் குழம்பிப்போவதாகக் கேள்வி.

நவம்பர் 15, சனி

மழை இல்லை. குளிர். ரேஷன் அரிசி வந்தது, சுமார்.

செங்கத்திலிருந்து தங்கை விஜயா போன். அவள் மகள் பிரியாவின் குழந்தைக்குக் காது குத்து, 30ஆம் தேதி, மலையில் எங்கள் குலதெய்வக் கோயிலில். "பிரியாவுக்குத்தான் கூடப் பொறந்தவன் இல்லியே. அவளுக்கும் நீதான் மடி குடுத்த. அவ கொழந்தைக்கும் நீதாண்ணா."

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். வெள்ளை வேட்டி. கோயில். மொத்தச் சொந்தமும் சுற்றி நிற்கும். மடியில் குழந்தை.

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன வேகத்தில் ஒரு தும்மல். வேறு வேட்டி.

விஜயாவுக்கு விஷயம் தெரியாது. கிட்னியில் கல், எடுத்தாகிவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறோம். அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான்.

நவம்பர் 18, செவ்வாய்

பாய் அனுப்பிய பார்சல் போளூர் பஸ்ஸில் வந்தது. டயப்பர். இங்கே மருந்துக்கடையில் கேட்டால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் பாய் செருப்பு டப்பாவில் போட்டுக் கட்டிக் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறார். என்னுடன் பல வருஷம் ஓடிய கண்டக்டர். "இன்னாண்ணா, மாசத்துக்கு எத்தினி ஜோடி செருப்புதான் போடுவ?" என்றான். கால் வீக்கம், அளவு சேரவில்லை என்றேன்.

சின்னாண்டி இதெல்லாம் வாங்குவதில்லை. பழைய சேலையைக் கிழித்துக் கோவணம். "மடிச்சி வெச்சா போச்சி. இதுக்குப் போயி கடைக்காரனுக்குக் காசு குடுப்பாங்களா."

ராத்திரிப் பயிற்சி முடிந்ததும் காது குத்து விஷயத்தைச் சொன்னேன். பாய்தான் முதலில் பேசினார்.

"டிரைவர் சார், உங்ககிட்ட சொல்லல. ஆபரேஷனுக்கு அப்புறம் நான் தொழுகையே விட்டுட்டேன். சொட்டிக்கிட்டே இருந்தா உளூ எப்படி நிக்கும்? கை கால் கழுவி சுத்தமா நின்னா அடுத்த நிமிஷம் நாஸ்தி. பள்ளிவாசலுக்குப் போகாம வூட்லயே கெடந்தேன். போன வெள்ளிக்கிழமை வெக்கத்தை வுட்டு பள்ளிவாசல் ஹஸ்ரத்கிட்ட கேட்டுட்டேன். ஒவ்வொரு வேளைத் தொழுகைக்கும் புதுசா உளூ செஞ்சிக்க, நடுவுல சொட்டினா அது உன் மேல குத்தம் இல்லைன்னு சொல்லிட்டாரு. இத்தினி நாள் கேக்காம கெடந்தது என் தப்பு."

எங்கள் சாமியிடம் அப்படிக் கேட்டுச் சொல்ல யாரும் இல்லை என்றேன்.

"தங்கச்சிகிட்ட சொல்லிடு டிரைவரு," என்றார் சின்னாண்டி.

சொல்லமாட்டேன். எனக்கு வேறு யோசனை இருக்கிறது.

நவம்பர் 20, வியாழன்

யோசனை இதுதான். போளூரில் வண்டி எடுத்தால் மலை ஏறி முடிக்கிறவரை இறங்க வழியில்லை. அதனால் டிரைவர்கள் நாங்கள் டிரிப்புக்கு முன்னால் தண்ணீரே குடிக்கமாட்டோம். தொண்டை காய்ந்தால் வெற்றிலை. தொட்டி காலி என்றால் ஒழுக என்ன இருக்கிறது?

நேற்றிலிருந்து ஒத்திகை. காபி பாதி டம்ளர், கஞ்சி இல்லை, தண்ணீர் இல்லை. இன்று வேட்டி கிட்டத்தட்டக் காய்ந்தபடியே. சரோஜாவிடம் சொல்லவில்லை. சொன்னால் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பாள்.

நவம்பர் 22, சனி

மூத்திரம் போகும்போது எரிச்சல். மிளகாய்ப்பொடி பட்ட மாதிரி. நிறமும் சிவப்பு. குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேன்சர் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தேன். அப்போதும் பயம் என்று ஒன்று வரவில்லை. அடுப்பில் பால் இருக்கிறதே, பொங்கிவிடுமே என்றுதான் ஓடியது.

சாயங்காலம் குளிர் ஜுரம். சரோஜா பாய்க்குப் போன் போட்டுவிட்டாள்.

நவம்பர் 24, திங்கள்

நேற்று பாய் காரைக் கொண்டுவந்தார். சின்னாண்டி வழியில் ஏறிக்கொண்டார், மடியில் சாமைப் பை. வேலூர். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, தண்ணீர் குடிக்கிறீர்களா. பொய் சொல்ல வாய் எடுத்தேன். "டிரைவர் பழக்கம் டாக்டர், டிரிப்புக்கு முன்னாடி குடிக்கமாட்டாராம்," என்று பாய் போட்டு உடைத்துவிட்டார். எப்படிக் கண்டுபிடித்தாரோ. வார்டிலேயே நான் பெருமையடித்திருப்பேன்.

கேன்சர் இல்லை, கிருமி. மாத்திரை. தண்ணீர் நிறைய. ரத்தப் பரிசோதனையும் நல்லபடியாக இருக்கிறதாம். பாய் என் கையைப் பிடித்து ஆட்டினார். நானும் ஆட்டினேன். சந்தோஷப்பட வேண்டிய இடம் என்று தெரிகிறது, வரத்தான் இல்லை.

திரும்பும் வழியில் அமிர்தி பக்கம் ரோட்டோரம் வண்டியை நிறுத்தி மூன்று பேரும் இறங்கினோம், ஆளுக்கொரு மரம். சின்னாண்டி மரத்துக்குப் பின்னால் இருந்து, "உனுக்கு ஒண்ணும் தோணலன்னு சொல்றியே டிரைவரு, எனுக்கும்தான் அப்டி இருந்திச்சி. ஒரு நாளு மாடு கண்ணு போட்டுச்சி, உக்காந்து ஓன்னு அழுதுட்டேன். வரும், வுடு," என்றார்.

வீட்டுக்கு வந்து விஜயாவுக்குப் போன். என்னால் முடியாது, மடிக்கு வேறு யாரையாவது பார் என்றேன். ஏன் என்றாள். உடம்பு சரியில்லை என்றேன். வைத்துவிட்டாள்.

நவம்பர் 26, புதன்

வெயில். வேட்டிகள் வெளியே காய்ந்தன.

முதல் பஸ்ஸில் விஜயா வந்து இறங்கினாள். சரோஜா கொடுத்த காபியைத் தொடவில்லை.

"எம் பொண்ணு மேல இன்னாண்ணா கோவம் உனக்கு? கல்யாணத்துல உன்ன முன்னாடி நிக்க வெக்கலன்னு இன்னுமா மனசுல வெச்சினு கீற?"

கோபம் இல்லை என்றேன். நம்பவில்லை. அன்று சம்பந்தி வீட்டார் என்னை ஓரங்கட்டியது உண்மை. அதை நான் மறந்தே போயிருந்தேன். அவள்தான் இத்தனை நாள் சுமந்திருக்கிறாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்றாள்.

சொல்லிவிட்டேன். கல் இல்லை, கேன்சர். எடுத்தாகிவிட்டது. ஆனால் அடக்க முடியவில்லை. கோயிலில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நனைந்தால் என்ன செய்வேன் என்று. சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

கேன்சர் என்றதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் நடக்கறவரைக்கும் நீதான என்ன இடுப்புல தூக்கினு திரிஞ்ச. எத்தினி வாட்டி உம்மேல போயிருப்பேன். அதுக்காக நீ என்ன எறக்கியா வுட்டுட்ட?"

ஆறிப்போன காபியைக் குடித்தாள். கோயிலுக்கு மாற்று வேட்டி இரண்டு எடுத்துவரச் சொன்னாள். மதிய பஸ்ஸில் போய்விட்டாள். மாத்திரை: காலை, இரவு.

நவம்பர் 30, ஞாயிறு

பனி விலகவே வெகுநேரம் ஆனது. கோயிலில் பாயும் சின்னாண்டியும் எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தார்கள். பாய் குழந்தைக்கு வெள்ளிக் கொலுசு. சின்னாண்டி தேன். எனக்கு ஒரு சொம்புத் தண்ணீர், அவர் கண் முன்னாலேயே குடிக்க வேண்டியதாயிற்று.

மணையில் உட்கார்ந்தேன். விஜயா ஒரு துண்டை நாலாக மடித்து மடியில் விரித்து, மேலே குழந்தையை வைத்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. குழந்தைக்கும் டயப்பர், எனக்கும் டயப்பர். பாய் வலப்பக்கம், சின்னாண்டி இடப்பக்கம், வார்டில் இருந்த வரிசை. காது குத்துகிறவர் ஊசியை எடுத்தபோது இடப்பக்கத்திலிருந்து மெதுவாக ஒரு விசில். இறுக்கினேன்.

குழந்தை வீரிட்டது. இன்னொரு காது. மறுபடி வீரிட்டது. என் சட்டையைப் பிடித்து இழுத்து, அழுது, அழுது, அப்படியே தூங்கிப்போனது. காது மடலில் ஒரு பொட்டு ரத்தம்.

பந்திக்கு எல்லோரும் போய்விட்டார்கள். கோயிலில் வெட்டிய கிடா என்பதால் பாய்க்குத் தனியாகச் சாம்பார் வைத்திருப்பதாக விஜயா வந்து கூப்பிட்டாள். "இருக்கட்டும்மா, அப்புறம்," என்றார் பாய். இருவரும் அசையவில்லை. ஆட்டு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அந்த ரத்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சின்னாண்டி ஆட்டு விலையைப் பாதியில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். பிறகு திரும்பிக்கொண்டு, குழந்தை எழாதபடி, ரெண்டு விசில் கொடுத்தார்.

அழுதேன். மடி நனைந்ததா என்று பார்க்கவில்லை.