விடுதிக்கு நேரே

செப்டம்பர் 19

கோடைக்கூட்டம் ஒருவழியாகக் கிளம்பிவிட்டது. கடைசிப் போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன். விடுதிக்காரி வெர்னா வந்து ஒரு சாவியை நீட்டினாள்.

"இத்தனை வருஷமா இந்த ரூமைக் கூட்டிப் பெருக்குற, ஒரு நாளாவது படுத்திருக்கியா, கிளெண்டா? ஒரு வாரம் இருந்துட்டுப் போ."

கடலைப் பார்த்த அறை. சிரித்தேன். பிறகு வாங்கிக்கொண்டேன்.

என் கணவன் நோரிஸிடம் சொன்னேன். "வீட்டுலேர்ந்து பத்து நிமிஷத்துல லீவா? நல்ல கூத்து!" என்றான். வரவில்லை. சிங்கி இறால் பிடிக்கிறவனுக்கு இந்த மாதத்தில் ஏது ஓய்வு?

செப்டம்பர் 20

விருந்தாளிகள் நாள் முழுக்க அப்படி எதைத்தான் பார்க்கிறார்கள்? நானும் பால்கனியில் உட்கார்ந்து பார்த்தேன். வெகுநேரம் நாற்காலியில் இருந்த துருதான் கண்ணில் பட்டது. அப்புறம்தான் பாறைமேல் ஒரு நீர்க்காகம் — சிறகைத் துணிபோல விரித்துக் காயவைக்கிறது. இத்தனை நாள் இதைக் கவனித்ததே இல்லை.

அக்கா லூசில் போனில் வந்தாள். குளிர்காலத்துக்குத் தன்னோடு பாங்கோர் நகரத்துக்கே வந்துவிடச் சொல்கிறாள். "அவன்தான் உன்கிட்ட பேசுறதே இல்லையே!" உண்மைதான். காற்று, அலை, இறால் விலை. அதற்குமேல் நோரிஸிடம் பேச்சு கிடையாது. யோசிக்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 21

குளிர். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் காபியோடு நின்றேன். நோரிஸின் படகு கரைமுனையைச் சுற்றி வந்தது. விடுதிக்கு நேரே வந்ததும் வேகம் குறைந்து, ஏறக்குறைய நின்றேவிட்டது. இந்தப் பக்கம் பார்த்தான். போய்விட்டான். என்ஜின் கோளாறோ?

செப்டம்பர் 22

இன்றும் நின்றான்.

செப்டம்பர் 23

வெர்னாவிடம் கேட்டேன்.

"இப்பத்தான் கண்ணுல படுதா? தினமும்தான் நிக்கிறான். நீ உள்ள பாத்ரூம் கழுவிட்டிருப்ப."

சாயங்காலம் நோரிஸ் மீன் சூப் கொண்டுவந்தான். விடுதிக்கு எதிரே ஏன் நிறுத்துகிறாய் என்றேன். அவன் காது சிவந்துவிட்டது.

"அங்க ரெண்டு இறால் கூண்டு போட்டிருக்கேன்."

அவன் போனதும் வெர்னாவின் பைனாகுலரை வாங்கிப் பார்த்தேன். கூண்டு கிடக்கும் இடத்துக்கு அடையாளமாக அவன் விடும் மிதவைகள் ஆரஞ்சு நிறம். அங்கே ஒன்றுகூட இல்லை.

ஏன் சொல்லவே இல்லை இந்த மனுஷன்? நான் மட்டும் என்ன — தினமும் இந்தக் கண்ணாடியைத் துடைத்தேனே, ஒருநாள் வெளியே பார்த்தேனா?

செப்டம்பர் 25

விடியுமுன் துறைக்குப் போய்ப் படகில் ஏறிக்கொண்டேன்.

"லீவுல இருக்கிறவளுக்கு இங்க என்ன வேலை?"

"லீவுதான். நீ ஓட்டு."

முனை திரும்பி விடுதிக்கு நேரே வந்தோம். அவன் கை தானாக வேகத்தைக் குறைத்தது. ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். அதற்கப்புறம்தான் நான் பக்கத்திலேயே நிற்பது உறைத்திருக்க வேண்டும்.

"பழக்கம்," என்றான், என்னைப் பார்க்காமல். "நீ அங்க எங்கயோ உள்ள இருப்பன்னு தெரியும். அவ்வளவுதான்."

அவன் பக்கம் இன்னும் கொஞ்சம் நெருங்கி நின்றேன்.

செப்டம்பர் 26

கிறிஸ்துமஸுக்கு நீ இங்கே வந்துவிடு என்று லூசிலிடம் சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் யாரோ கதவைத் தட்டினார்கள். நோரிஸ். தலையைப் படிய வாரியிருந்தான். கையில் ஒரு பல் பிரஷ், வேறெதுவும் இல்லை.