நாகலிங்கத்தின் கிணறும் உன் பனிக்கட்டியும்

கீரிமலை
1949 சித்திரை

அன்பு மகன் சோமாஸ்கந்தனுக்கு,

நகுலேஸ்வரர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், கனடாக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்று தினமும் கேட்டுக்கொள்கிறோம். தங்கச்சி பாலேஸ்வரிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது, அம்மா உனக்குப் பனங்கிழங்கு காயவைத்து இடித்த ஒடியல் மா அனுப்பத் துடிக்கிறாள். இப்படியே எழுதிப் பக்கத்தை நிரப்பிவிடலாமென்று பார்த்தேன், மனம் விடவில்லை. தம்பி, உன் பேரை நான் கெடுத்துவிட்டேன்.

நீ அங்கே படிக்கும் றேடார் அலை காய்ந்த வெண்பனிக்குள் புகுந்து, அடியிலிருக்கும் பனிக்கட்டியில் பட்டுத் திரும்பி வருமென்று மார்கழியில் எழுதியிருந்தாயே, அதைக் கோயில் வீதியில் நின்று எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். பனியில் ஈரம் ஊறியிருந்தால் அலை அடிக்குப் போகாது என்று நீ எழுதியதை மட்டும் விட்டுவிட்டேன், பெருமை குறைந்துவிடுமே. பக்கத்துத் தோட்டக்கார நாகலிங்கம் அப்போது தன் கிணற்றை ஆழமாக்க யோசித்துக்கொண்டிருந்தான். "அண்ணை, தம்பியின்ரை படிப்பு எங்கடை கல்லுக்குக் கீழை என்ன கிடக்கெண்டு சொல்லுமோ" என்று கேட்டான். ஓம், நல்ல தண்ணி கிடக்கு, தம்பி எழுதியிருக்கிறான், வெட்டு என்று சொல்லிவிட்டேன். நம்மூரில் நல்ல தண்ணீர் மேலே, உப்புத் தண்ணீர் கீழே என்பது எனக்குத் தெரியாததா? கனடாவிலிருந்து கடிதம் வந்ததும் அதுவும் மறந்து போயிற்று. அவன் வெடி வைத்துக் கல்லை உடைத்தான், உவர் பொங்கிவிட்டது. நின்ற புகையிலை கருகிவிட்டது, குடிதண்ணீருக்கு அவன் பெண்சாதி குடத்தோடு அடுத்த ஒழுங்கைக்குப் போகிறாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், இங்கே கெட்டது மற்றவன்.

ஏசுவான் என்று காத்திருந்தேன். கண்டால் "பரவாயில்லை அண்ணை, என்ரை விதி" என்கிறான். என் கிணற்றில் இறைக்கச் சொன்னேன், "ஓம், பாப்பம்" என்றான், வரவில்லை. கரடுமுரடான பனிக்கட்டியிலிருந்து கொஞ்சமாவது திரும்பி வரும், வழவழப்பானதில் சரிவாகப் பட்டால் அலை வேறு பக்கம் போய்விடும், அனுப்பினவனுக்கு ஒன்றும் வராது என்று எழுதியிருந்தாய். அன்று விளங்காதது, ஏசாத நாகலிங்கத்தைப் பார்த்தபின் இப்போது விளங்குகிறது. "வாயாலை கெடுத்தனீங்கள், வாயாலையே போய்ச் சொல்லுங்கோ" என்கிறாள் அம்மா. வெள்ளிக்கிழமைப் பூசை முடிய அதே வீதியில் நின்று, மகன் அப்படி எழுதவில்லை, நான்தான் புளுகினேன் என்று சொல்லப்போகிறேன்.

காதை மூடிக் கட்டிக்கொள், இதற்குள் திருநீறு வைத்திருக்கிறேன், நீடூழி வாழ்வாய். நீ ஊருக்கு வரும்போது நம் படலையைத் திறக்குமுன் நாகலிங்கம் வீட்டுக்குப் போ. இருக்கச் சொல்வான், இரு. குடிக்கத் தண்ணீர் மட்டும் கேட்டுவிடாதே.

வெட்கத்தோடு உன் ஐயா,
க. பொன்னையா