கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களாம்

இஞ்சரும் பாக்கியம்,

வளைகுடாவில் சண்டை நடந்துகொண்டிருக்க, லண்டனில் தண்டவாளம் எல்லாம் பனி மூடி ரயில்கள் நின்ற வருசம் நீர் போனீர். இப்போது நடப்பது, யாழ்ப்பாணத்துச் சனம் முழுதும் வீடுகளைப் பூட்டிக்கொண்டு மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்த ஐப்பசிக்குப் பிறகு வந்த மாசி. நடுவில் ஐந்து வருசம். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆனால் எதற்குப் பிறகு எது நடந்தது என்று கேட்டால் இன்றைக்கும் பிசகாமல் சொல்லுவேன்.

உம்முடைய திவசம் வரும்போது பிள்ளைகள் இங்கத்தைத் தமிழ்ப் பேப்பரில் உம்முடைய படத்தைப் போட்டு, கீழே நாலு வரிப் பாட்டும் போடுவார்கள். இந்த முறை பாட்டு வேண்டாம், நான் சொல்லுகிறதைப் போடுங்கோ என்று கேட்டேன். மகன் ஒரு மாதிரிப் பார்த்தான். பிறகு ஓம் என்றான்.

எழுதுகிறவ சின்னராசா அண்ணையின் மனுசி. ஊரில் படிப்பித்தவ என்றபடியால் பிழை வராது. ஆர்ச்வேயில், முருகன் கோயிலுக்குக் கிட்ட, வயது போனவர்களுக்கான கவுன்சில் கட்டடத்தில் அவவின் ஒற்றை அறையில் இருந்துதான் சொல்லுகிறேன். சின்னராசா அண்ணை உமக்குப் பின்னால் இரண்டு வருசத்தில் வந்துவிட்டார், கண்டிருப்பீர். வெள்ளிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் ஹீற்றருக்குப் பக்கத்தில் நாங்கள் நாலு பேர் இருந்த இடத்தில் இப்போது இரண்டு பேர் இருக்கிறோம். உங்கள் இருவருக்கும் இடம் விட்டுத்தான் இருக்கிறோம். பழக்கம்.

சொல்ல வந்தது ஐப்பசியில் நடந்த விசயம். ஊர்ச் செய்தி கேட்டு எல்லாரும் ரேடியோவுக்கு முன்னால் இடிந்துபோய் இருந்த நாட்கள். இவர்களை இப்படியே விட்டால் வருத்தம் வந்துவிடும் என்று, முதியோர் சங்கத்தார் ஒரு பஸ் பிடித்து எங்களைக் காட்சிசாலை ஒன்றுக்குக் கூட்டிப் போனார்கள். கடற்கரைக்கோ பூங்காவுக்கோ என்று நினைத்து ஏறினேன். கொண்டுபோய் இறக்கினது ஒரு பெரிய செங்கல் கட்டடத்துக்கு முன்னால்.

விக்டோரியா மகாராணி காலத்தில் போக்கிடம் இல்லாத சனத்தை வைத்திருந்த இடமாம். வேர்க்ஹவுஸ் என்று பெயர். வேலை இல்லாதவர்கள், நோயாளிகள், தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள், வயது போனவர்கள் எல்லாரும் அங்கேதான் போய்ச் சேருவார்களாம். உள்ளே எடுத்தால் சாப்பாடும் படுக்கையும் உண்டு. அதற்கு வேலை செய்ய வேண்டும். ஒரு வெள்ளைக்கார அம்மா முன்னுக்கு நடந்து விளக்கம் சொன்னா. சின்னராசா அண்ணையின் மனுசி எங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தா.

வந்தவர்களின் உடுப்பைக் கழற்றி, அவித்து, பொட்டலமாகக் கட்டி வைத்துவிடுவார்களாம். எல்லாருக்கும் ஒரே மாதிரி உடுப்பு. தார் ஊறின பழைய கப்பல் கயிற்றை விரலால் பிரித்துப் பிரித்துப் பஞ்சாக்கிக் கொடுக்க வேண்டும். தொட்டுப் பார்க்க ஒரு துண்டு வைத்திருந்தார்கள். நாற்பது வருசம் சாந்துக்கும் கல்லுக்கும் பழகின என் விரலுக்கே அது மசியவில்லை. கட்டில்கள் சரியான ஒடுக்கம். கூட வந்த ஒருவர் ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "என்ரை மருமேள் தந்த கட்டிலிலும் பாக்க இது திறம்" என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன் பாக்கியம்.

பிறகுதான் அந்த அம்மா இரண்டு வாசலைக் காட்டினா. ஒன்று ஆண்களுக்கு, மற்றது பெண்களுக்கு. புருசனும் மனுசியுமாக வந்தாலும், எத்தனை வருசம் ஒன்றாக வாழ்ந்தவர்கள் என்றாலும், அந்த இடத்தில் பிரிய வேண்டும். உள்ளே அவர்களுக்கு ஒரு முற்றம், இவர்களுக்கு ஒரு முற்றம். நடுவில் சுவர்.

மேசன் கண் சும்மா இருக்குமா? சுவரை அடியிலிருந்து பார்த்தேன். நல்ல வேலை. தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தாலும் குறை சொல்ல ஏலாது. ஆள் மட்டத்தில் ஒரு செங்கல் மட்டும் மற்றவற்றைப் போல் சொரசொரப்பாக இல்லை. வழுவழு என்று இருந்தது. மழையால் வருகிற தேய்வு வேறு, கை பட்டு வருகிற தேய்வு வேறு. கனபேர், கனகாலம், அதில் கை வைத்திருக்கிறார்கள். நானும் வைத்தேன்.

அப்போது அந்த அம்மா இன்னொன்றும் சொன்னா. பிற்காலத்தில் ஒரு சட்டம் வந்ததாம். அறுபது தாண்டின சோடிகள் எங்களை ஒன்றாக விடுங்கோ என்று கேட்டால், ஒரு அறை கொடுக்கலாம் என்று. ஆனால் கேட்டவர்கள் குறைவாம். சின்னராசா அண்ணையின் மனுசி இதைத் தமிழில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தா. ஏதோ சொல்ல வாய் எடுத்தா. பிறகு விறுக்கென்று மற்ற முற்றத்துக்குப் போய்விட்டா. கால் உளைவாக்கும் என்று நினைத்தேன்.

எங்களை யாரும் எந்த வாசலிலும் நிற்பாட்டிப் பிரிக்கவில்லை. பெருங்காற்று அடித்து லண்டன் மரங்கள் வேரோடு சாய்ந்த வருசம் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. அதுவரைக்கும் நீரும் நானும் சட்டனில், மகன் வீட்டில், ஒரே அறை. பெட்டியைக் கட்டிக்கொண்டு நீர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "இஞ்சாருங்கோ, பிள்ளைக்கு முப்பத்தொண்டு முடிய வந்திடுவன். பிறசர்க் குளிசையை மறந்துபோடாதேங்கோ."

பிள்ளையின் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு முடிந்தது. மகளுக்கும் மருமகனுக்கும் மாறி மாறி ஷிப்ட். பிள்ளையை யார் பார்ப்பது? சட்டனில் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவர ஒரு ஆள் வேண்டும். பிளேஸ்டோவில், மகள் வீட்டில், எனக்குப் படுக்க இடம் காணாது. பிள்ளைகள் வந்து கேட்டார்கள். அவர்களில் குறை இல்லை, அவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். நான் ஓம் என்றேன். உம்மைக் கேட்காமலே ஓம் என்றேன். அது மூன்று வருசத்துக்கு மேல் போனது.

மிச்சம் இருந்தது வெள்ளிக்கிழமை மட்டும். நீர் பிளேஸ்டோவிலிருந்து வருவீர். நான் பஸ்ஸில் மோர்டனுக்குப் போய், அங்கிருந்து ஒரே ரயிலில் ஆர்ச்வே. ரயிலின் நெற்றியில் போகிற ஊரின் பெயர் ஒரு சொல்லாக இருந்தால் விட்டுவிடுங்கோ, இரண்டு மூன்று இருந்தால் ஏறுங்கோ என்று நீர்தான் சொல்லித் தந்தீர். ஒருநாள் இரண்டு சொல் பார்த்து ஏற, அது வேறு பாதையால் போய்விட்டது. நான் வந்து சேர்ந்த நேரம் பூசை முடிந்து, சனம் கலைந்து, நீர் மட்டும் செருப்பு வைக்கிற இடத்தில் நின்றீர். ஏசவில்லை. பிரசாதக் கடலையைக் கடதாசியில் சுற்றி வைத்திருந்தீர். பொத்தான் போன சட்டையை நான் கொண்டுவந்தால், அடுத்த வெள்ளி தைத்துக்கொண்டு வருவீர். நாற்பத்தாறு வருசம் குடும்பம் நடத்தின இரண்டு பேர், கோயில் வாசலில் பைகளை மாற்றிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போனோம்.

அந்தக் காலத்தில்தான் சின்னராசா அண்ணையும் மனுசியும் கவுன்சிலில் கேட்டு இந்த அறையை எடுத்தார்கள். அவர்களையும் பிள்ளைகள் ஆளுக்கொரு வீட்டில் வைத்திருந்தவர்கள்தான். பக்கத்து அறையும் காலியாகப் போகிறது, நீங்களும் பெயர் கொடுத்து வையுங்கோ என்று மண்டபத்தில் வைத்து அவர் எனக்குச் சொன்னார். பத்துப் பேர் கேட்க நான் சொன்ன மறுமொழி உமக்கு நினைவிருக்கும். "பெத்த பிள்ளையள் இருக்க, கவுன்சிலிட்டைப் போய்க் கையேந்த எனக்கென்ன விசரே அண்ணை? பிள்ளையள் உங்களைத் திரத்திப்போட்டினம் எண்டு நேரை சொல்லுங்கோவன்."

சனம் சிரித்தது. சின்னராசா அண்ணையும் சிரித்தார், பெரிய மனுசன். நீர் குனிந்து, கைப்பையின் வாரைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தீர். அதை நான் கண்டேன். ஏன் என்று கேட்கவில்லை.

பனி விழுந்த அன்றும் வெள்ளிக்கிழமைதான். கோயிலுக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டு நிற்க, மகள் ரெலிபோன் எடுத்தாள். உமக்கு நெஞ்சு நோ, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்றாள். மகனின் கார் வாசலை விட்டு அசையவில்லை. நான் சட்டன் ஸ்டேசனுக்கு நடந்தேன். ரயில் இல்லை. அங்கேயே இருந்தேன். மத்தியானம் போல் மகன் தேடிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தான். எனக்கு விளங்கிவிட்டது.

அடுத்த நாள்தான் உம்முடைய முகத்தைப் பார்த்தேன். மகள் ஒரு பை தந்தாள். போன வெள்ளி நான் தந்த நீலச் சட்டை, பொத்தான் தைத்து, மடித்து. அதைப் போட்டுக்கொண்டுதான் செத்தவீட்டில் நின்றேன்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, "நீரும் ஒருநாளும் வாய் திறந்து கேட்கவில்லையே பாக்கியம்" என்று எழுதச் சொன்னேன். பேனை நின்றுவிட்டது.

"இதை நான் எழுதமாட்டன் அண்ணை," என்றா சின்னராசா அண்ணையின் மனுசி. "இது பிழை."

எழும்பிப் போய் அலுமாரியிலிருந்து ஒரு உறையைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் பிரித்து வைத்தா. கவுன்சில் படிவம். பக்கத்து அறைக்கு உரியது. அடியில் இரண்டு கோடு. ஒன்றில் நீர் தமிழில் போடுகிற கையெழுத்து. எனக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும், அரசாங்கக் காசு எடுக்கிற பெனிபிட் புத்தகத்தில் எத்தனை தரம் பார்த்திருக்கிறேன், கடைசியில் இழுத்து விடுகிற அந்த வாலை. மற்றக் கோடு வெறுமை.

நான் வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சிரிக்கவைத்த அதே வெள்ளிக்கிழமை, பூசைக்கு முதல், இந்த மேசையில் இருந்துதான் நீரும் அவவுமாக அதை நிரப்பினீர்களாம். பூசை முடிய என்னைக் கேட்பதற்காகக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்தீராம். சின்னராசா அண்ணை கதையை எடுத்ததே உமக்காகத்தானாம். போகும்போது நீர் அதைத் திருப்பிக் கொடுத்தீராம்.

"கிழிக்கட்டோ எண்டு கேட்டனான் அண்ணை. 'வேண்டாம் அக்கா, வைச்சிருங்கோ. அவரின்ரை முகத்தைப் பாத்து, நல்ல நாளா ஒருநாளைக்குக் கேக்கிறன்' எண்டவ. உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டு சத்தியமும் வாங்கிப்போட்டா. அண்டைக்கு அந்தச் சுவருக்குப் பக்கத்திலை சொல்லத்தான் வெளிக்கிட்டனான். வாய் வரேல்லை."

அதற்குப் பிறகு எத்தனை வெள்ளிக்கிழமை பாக்கியம்? செருப்பு வைக்கிற இடத்தில் நின்று என் முகத்தைப் பார்ப்பீரே, இன்றைக்குக் கேட்கலாமோ என்று பார்த்ததா அது? அப்படி ஒரு முகத்தை நான் உமக்கு ஒருநாள் கூடக் காட்டவில்லையா? அந்தக் கட்டடத்துச் சுவரைக் கட்டின மேசன் யாரென்று எனக்குத் தெரியாது. எங்களுடையதைக் கட்டினவனைத் தெரியும்.

பேனை மையை என் பெருவிரலில் பூசச் சொன்னேன். அவ கீறிக் கீறிப் பூசிவிட்டா. வெறுமையாக இருந்த கோட்டில் விரலை வைத்தேன். பக்கத்து அறையில் இப்போது ஒரு ஐரிஸ் கிழவர் இருக்கிறார். அவர் இருமுவது இங்கே கேட்கிறது. இந்தக் கடதாசி இனி ஒன்றுக்கும் உதவாது.

அதனால் வேறொன்று கேட்கப்போகிறேன். அன்றைக்குப் பத்துப் பேரைச் சிரிக்கவைத்தவன், இன்றைக்குப் பேப்பரில் எல்லாருக்கும் முன்னால் கேட்கிறேன். பிள்ளைகளே, அம்மாவின் சாம்பலில் பாதியைச் சவுத்தெண்ட் கடலில் கரைத்தோம். மிச்சத்தைக் கீரிமலையில் கரைக்க வேண்டும் என்று மண்முட்டியில் போட்டுக் கட்டி, பிளேஸ்டோ வீட்டுப் பின்வளவுக் கொட்டிலில் வைத்திருக்கிறீர்கள். ஊரில் சண்டை, கீரிமலைக்குப் பாதை இன்னும் திறக்கவில்லை. நான் போனால், என்னுடையதைச் சட்டனில் இன்னொரு கொட்டிலில் வைக்க வேண்டாம். அதே முட்டிக்குள் போடுங்கோ. பாதை திறந்தால் கீரிமலை, திறக்காவிட்டால் சவுத்தெண்ட். எங்கே என்றாலும் ஒரே தரத்தில். இடம் காணாது என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

பாக்கியம், கேட்டுவிட்டேன். நடக்க ஏலும் மட்டும் வெள்ளிக்கிழமை தவறாமல் வருவேன். நடக்க ஏலாமல் போகிற நாளைக்கு உம்மிடம் வந்துவிடுவேன். அதற்குப் பிறகு பை மாற்றுகிற வேலை இல்லை.

"இஞ்சாருங்கோ" என்று நீர் கூப்பிட்ட,
உம்முடைய மனுசன்.

நான் கேட்டது நடக்கிறதா என்று பார்க்க, எங்கள் நாலு பேரில் எனக்குப் பிறகு இருக்கப்போகிறது ஒரு ஆள்தான். சின்னராசா அண்ணையின் மனுசி என்றே சொல்லிப் பழகிவிட்டேன். சாட்சி என்றால் பெயர் வேண்டுமாம். நான் சொல்ல அவவே எழுதுகிறா: மகேஸ்வரி.