லாலாய் என்ற பொத்தான்

அன்பு மகன் ஷர்வினுக்கு,

ஈப்போவிலிருந்து அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம்தான். டப்ளின் குளிரில் நீயும் சளி, காய்ச்சல் இல்லாமல், ரொட்டியை மட்டும் தின்று நாளை ஓட்டாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். அப்பா இன்னமும் தஞ்சோங் மாலிம் கார்த் தொழிற்சாலையிலிருந்து வாரக் கடைசியில்தான் வருகிறார், வந்தால் தூங்குகிறார். முன்வாசல் குழாயை இன்னும் சரி செய்யவில்லை. போனில் பேசினால் நடுவில் என் குரல் மாறிவிடும், நீயும் ஏம்மா இப்படி என்பாய், அதனால்தான் கடிதம்.

நீ மின்னஞ்சலில் அனுப்பிய டிக்கெட்டை நான் இத்தனை நாளாகப் பார்க்கவில்லை. எனக்கு மின்னஞ்சல் நீ விட்டுப்போன பழைய லேப்டாப்பில் மட்டும்தானே. அதில் விண்டோஸ் ஓடாது என்று லினக்ஸ் போட்டு, அம்மாவுக்கு ஆங்கிலத்தைவிட மலாய் சுலபம் என்று எல்லாவற்றையும் மலாயில் வைத்துவிட்டுப் போனாய். டிக்கெட்டை இரண்டு முறை தட்டினால் படம் வரையும் புரோகிராம்தான் திறக்கிறது, எந்தப் பக்கம் வேண்டும் என்று என்னவோ கேட்கிறது, எதையாவது அழுத்தி டிக்கெட் கெட்டுவிடுமோ என்று மூடிவிடுவேன். உன் மெலிண்டா சர்ச் போஸ்டர் செய்யக் கேட்டாள் என்று நீ அதில் ஏற்றிய புரோகிராம் அது. அன்றிலிருந்து என் மின்சார பில்லும் அதில்தான் திறக்கிறது. இதை ஒருநாளும் உன்னிடம் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

நீ வாட்சாப்பில் சொன்னபடியே வலது பக்கம் அழுத்தி, எதில் திறப்பது என்று கேட்கும் 'புக்கா டெங்கான்' போய், ஆவணம் பார்க்கும் புரோகிராமைத் தேர்ந்தெடுத்தேன். கீழே நீ அழுத்தச் சொன்ன பொத்தானில் 'தெத்தாப்கான் செபாகாய் லாலாய்', லாலாயாக வை என்று இருந்தது. நான் அழுத்தவில்லை. லாலாய் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், கவனமில்லாதவள், கடமையில் அசட்டை. ஃபாரம் திகா, மூன்றாம் படிவம் படித்தபோது என் ரிப்போர்ட் கார்டில் டீச்சர் அதை எழுதப்போய் உன் தாத்தா எஸ்டேட் முழுக்கக் கேட்கும்படி திட்டினார். மகன் அனுப்பிய டிக்கெட்டை அசட்டையாக வை என்று நானே எப்படி அழுத்துவேன்? தேதி கேட்டால், சனிக்கிழமை வீட்ல இருப்பேன்மா, மத்ததெல்லாம் டிக்கெட்டில இருக்கு பாருங்க என்றாய். திறக்கத் தெரியவில்லை என்று மூன்றாவது முறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன வாரம் மெலிண்டா அம்மா பியாட்ரிஸ் ஆயர் தாவாரிலிருந்து சாமான் வாங்க வந்தவர் கேக்கோடு வீட்டுக்கு வந்தார். இன்னும் ஒன்றும் நிச்சயமாகவில்லை, அவர் வாயில் எப்போதும் சம்பந்திதான். லேப்டாப்பைப் பார்த்துவிட்டு ஒரே சிரிப்பு. ஐயோ சம்பந்தி, அது அந்த லாலாய் இல்லலா, நாம ஒண்ணும் சொல்லாட்டி கம்ப்யூட்டர் தானா எதுல திறக்குமோ அதுக்குப் பேருதான் லாலாய், ஷர்வின் எனக்கு வீடியோ கால்ல உக்காந்து பொறுமையா சொல்லிக் குடுத்துச்சு என்றார். எனக்கு நீ சொன்னது ஒரே வரி, அதை அழுத்தினாத்தான் என்னம்மா. அவரே பொத்தானை அழுத்தினார், டிக்கெட் ஒழுங்காகத் திறந்தது. உன் பெயர், கீழே மெலிண்டா பெயர். இறங்குவது வியாழக்கிழமை காலை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் கேக்கை வெட்ட ஆரம்பித்தார். சனிக்கிழமைக்கு முன்னால் இரண்டு ராத்திரி ஆயர் தாவாரில், அவர் வீட்டில் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

மறைக்க நினைச்சா டிக்கெட்டையே அனுப்பியிருக்க மாட்டான் கலா, பொறாமைப்படாதே என்கிறார் அப்பா. பொறாமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாவிட்டால் நீ தானாக வந்து சேரும் இடம் நான்தான் என்று இருந்துவிட்டேன். எப்போது மாறியது என்று தெரியவில்லை, நானும் போய்ப் பார்க்கவில்லை. மெலிண்டா நல்ல பெண். பியாட்ரிஸும் நல்லவர், அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது, கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுத் தூங்குவேன்.

உங்களை அழைக்க விமான நிலையத்துக்கு அவர்தான் காரில் வருகிறார். ஈப்போவுக்கு வந்து ஏத்திக்கிறேன், நீங்களும் வாங்க சம்பந்தி என்றார். நானும் சரி என்றுவிட்டேன். வழியெல்லாம் அவரோடு சிரித்துப் பேசிக்கொண்டு வருவேன், உனக்காக. ஆனால் திரும்பும்போது ஆயர் தாவார் சாலை பீடோரிலேயே பிரிந்துவிடும், ஈப்போ இன்னும் வடக்கே. யாரும் வாய் திறக்காவிட்டால் அவர் அங்கேதான் திருப்புவார். முதலில் எந்த வீட்டுக்கு என்று பீடோர் வருவதற்குள் நீதான் சொல்ல வேண்டும். நான் சொல்ல மாட்டேன்.

மெலிண்டாவோடு நீ நீடூழி வாழ அம்மன் துணையிருப்பாள். பாஸ்போர்ட்டைப் பெட்டியில் போடாதே, கைப்பையில் வை.

உன் அம்மா,
கலாதேவி