பிடிமண் கொடுத்த அவசரம்

திருமயம் வட்டம்,
வைகாசி 20

அன்புள்ள மகள் சத்யாவுக்கு, அப்பா சொல்லச் சொல்ல அக்கா செல்வராணி எழுதுவது. இங்கே நான், அம்மா, அக்கா வீட்டார் எல்லோரும் சுகம், புனேயில் நீ வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க அய்யனார் துணை. போனில் பேசினால் எனக்கு வார்த்தை வரவில்லை, அதனால்தான் கடிதம், அக்கா இதைப் போட்டோ எடுத்து இன்றே உனக்கு அனுப்பிவிடுவாள், வெள்ளிக்கிழமைக்குள் நீ பதில் சொல்லவேண்டுமாமே. அசாமில் கிடைத்த ஆராய்ச்சிப் படிப்பு வேண்டாமென்று எழுதப்போகிறாயாம், பொன்னமராவதியில் டீச்சர் வேலை கேட்டிருக்கிறாயாம். படிப்பு முடிஞ்சிருச்சுன்னு அப்பா சாமிக்குக் குதிரை செய்யப் பிடிமண் குடுத்துட்டாரு, இனி நான் எப்படிக்கா மேல படிக்கிறதுன்னு அக்காவிடம் கேட்டாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ பத்தாவது பரீட்சை எழுதும்போது அம்மை போட்டிருந்தது. இங்கிலீஷ் பரீட்சை, வியாழக்கிழமை, உன்னைத் தனி அறையில் உட்காரவைத்தார்கள், நான் வெளியே வேப்பங்குழையோடு நின்றேன். மூன்று தடவை ஜன்னல் பக்கம் திரும்பினாய், மூன்றாவது தடவை போங்கப்பா என்று கையைக் காட்டினாய். அன்றைக்கு வேண்டிக்கொண்டதுதான், பிள்ளை படிப்பை முடித்தால் அய்யனார் கோயில் புரவி எடுப்புத் திருவிழாவில் ஒரு மண்குதிரை எடுக்கிறேன் என்று. பன்னிரண்டாவது முடித்தாய், பி.எஸ்சி. முடித்தாய், ஒவ்வொரு தடவையும் குதிரை செய்கிற சிவசாமி வேளார், என்ன வெள்ளைச்சாமி, முடிஞ்சிருச்சா இல்ல இன்னும் ஓடுதா என்பார், ஓடுதுய்யா என்பேன். பி.எஸ்சி.க்குத் திருச்சிக் காலேஜில் சேர்க்கப் போனபோது பாரத்தில் தகப்பனார் படிப்பு என்ற இடம் வந்ததும் எழுதுகிறவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார், நீ முந்திக்கொண்டு, அவரு படிக்கல சார், ஆனா ஒண்ணையும் மறக்கமாட்டாரு என்றாய். பஸ்ஸில் திரும்பி வரும்போது பக்கத்துச் சீட்டில் பையை வைத்துக்கொண்டு கீரனூர் வரைக்கும் யாரையும் உட்கார விடவில்லை நான், நீ ஹாஸ்டலில் நின்றுவிட்டது மனதில் ஏறவில்லை.

இப்போது புனேயில் எம்.எஸ்சி. ரிசல்ட் வந்ததும் முடிஞ்சிருச்சுப்பா என்றாய். மேலே என்ன செய்யப்போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டேனா. மறுநாளே ஒரு பிடி மண்ணைச் சிவசாமி கையில் கொடுத்துவிட்டு, குதிரைக்கு மண் குடுத்தாச்சு, வந்து சேரு ஆத்தான்னு உனக்குப் போன் போட்டேன். அக்கா விஷயத்தைச் சொன்னதும் ஓடிப்போய் மண்ணைத் திருப்பிக் கேட்டேன். குடுத்த மண்ணத் திரும்பக் கேக்க வந்த மொத ஆளு நீதான்யா, குதிரைக்கு நாலு காலும் நின்னுருச்சு, இனி மண்ணு ஏது என்றார். அப்புறம் அவரே, முடிச்ச படிப்புக்குத்தான இந்தக் குதிரை, இனிமே படிக்கிறதுக்கு அய்யனாரு குறுக்க வேலியா போட்டுருக்காரு என்று கேட்டார். அம்மா மட்டும் விட்டாளா. சாமி ஒண்ணும் பிள்ளையக் கூப்பிடல, நீங்கதான் சாமி பேரச் சொல்லிக் கூப்பிட்டீங்கன்னு முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

அவள் சொன்னது நிசம். வந்து சேரு என்று நான் சொன்னது திருவிழாவுக்கு மட்டும் இல்லை, இனி இங்கேயே இரு என்றுதான். அது என் ஆசை, சாமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டீச்சர் வேலை உனக்கே பிடித்திருந்தால் வா, சந்தோஷம். எனக்காக என்றால் வராதே, ஆசைப்பட்டதை விட்டுவிட்டு வந்து என் எதிரே நீ உட்கார்ந்திருந்தால் நான் எந்தப் பக்கம் பார்ப்பது.

அசாமில் மழை ஜாஸ்தியாம், நல்ல குடையாக வாங்கிக்கொள், சர்ட்டிபிகேட்டை நனையவிடாதே. ஆனியில் புரவி எடுப்புக்கு லீவு கிடைத்தால் ரெண்டு நாள் வந்து போ, கிடைக்காவிட்டால் சங்கடப்படாதே. எந்த ஊரில் இருந்தாலும் குறைவில்லாமல் நிறைந்திரு தாயே. வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுதிவிட்டு எனக்குப் போன் போடு. போயிட்டு வாரேன்ப்பா என்று சொல். நானும் போயிட்டு வா என்று சொல்லவேண்டும், இந்தத் தடவை மனசாரச் சொல்லவேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா வெள்ளைச்சாமி