எட்டு மாதமாகக் காது கேட்கும் அப்பா

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். நீ நலமென்பதை உன் வெப்சைட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன், போனில் பேசத்தான் உனக்கு நேரமில்லையே.

ஒரே ஒரு துறையைப் பிடித்து எழுதினால் போதும், அதற்கு நிஷ் என்று பெயர், படிக்கிறவர்கள் லிங்க்கை அழுத்திப் பொருள் வாங்க வாங்கக் கமிஷன் வரும், அப்புறம் வேலையையே விட்டுவிடலாம் என்றாய். முதலில் குழந்தை தள்ளுவண்டி. கல்யாணப் பேச்சை எடுத்தாலே போனை வைக்கிறவன், எந்த வண்டியில் குழந்தை அசந்து தூங்கும் என்று பத்துப் பக்கம் எழுதினாய். அடுத்து நாய்த்தீனி. தெருமுனையில் நாய் நின்றால் வேறு தெரு சுற்றிப் பள்ளிக்கூடம் போன பிள்ளை நீ. தெரியாததைத்தான் தைரியமாக எழுத முடியும் போலிருக்கிறது என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இப்போது காது கேட்கும் கருவி. போன மாதம் நான் தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டு டீச்சர் போனோடு வந்து, உங்க பையன் எழுதினதுதானே இது, அப்பா மேல எவ்வளவு பாசம் பாருங்க என்றாள். அதில் நீ, என் அப்பா முப்பது வருடம் அச்சகச் சத்தத்தில் நின்று காதைக் கெடுத்துக்கொண்டவர், நான் வாங்கிக் கொடுத்த கருவியை எட்டு மாதமாக மாட்டுகிறார், பக்கத்து அறையில் குழாய் சொட்டுவதுகூட அவருக்குக் கேட்கிறது என்று எழுதியிருந்தாய். எனக்குப் புல்லரித்துவிட்டது. அந்த அப்பா எந்த வீட்டில் இருக்கிறார் என்று சொன்னால் நானும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். இந்த வீட்டில் இருப்பவர் குக்கர் ஐந்து விசில் அடித்தாலும் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருப்பவர்.

அவரும் படித்தார். கோபப்படுவார் என்று பார்த்தால், வாங்கி வெச்சிட்டு அனுப்ப மறந்திருப்பான், வேலை ஜாஸ்தி பிள்ளைக்கு என்றார். அதோடு விட்டாரா, டீச்சரைப் பிடித்து உன் லிங்க்கிலேயே ஒன்று வாங்கிவிட்டார், நம்மளால அவனுக்கும் ஒரு வியாபாரம் ஆகட்டுமே என்று. அது காதில் ஏறியதும் கீ என்று கத்துகிறது, வேறு ஒன்றும் கேட்பதில்லை. போன வாரம் அதை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனவரை, ஹாரன் அடித்து ஓய்ந்த வேன்காரன் இறங்கி வந்து தோளைத் தொட்டுத்தான் ஓரமாக நிறுத்தினான். திருப்பி அனுப்பிடலாம், காது டாக்டர்கிட்ட போலாம் என்றால், திருப்பினா அவன் கமிஷன எடுத்துக்குவாங்களாமே, வேண்டாம் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் அதை மாட்டிக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார்.

வேலையை விட்டுவிடாதே. அந்தப் பக்கத்தை இன்றைக்கே எடுத்துவிடு, அப்பாவைப் பற்றி எழுதுவதானால் ஒருதரம் வந்து பார்த்துவிட்டு எழுது. நேரத்துக்குச் சாப்பிடு, நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மறந்துவிடாதே, திருப்பி அனுப்ப வருகிற பன்னிரண்டாம் தேதிதான் கடைசி. என் பேச்சு எடுபடவில்லை, நீதான் போன் செய்து சத்தமாகச் சொல்ல வேண்டும். எப்படி இருக்கு என்று மட்டும் அவரிடம் கேட்காதே. ரொம்ப நல்லா கேக்குதுப்பா என்பார், நம்பிவிடாதே.

இப்படிக்கு,
உன் வெப்சைட்டில் இன்னும் இடம் கிடைக்காத
அம்மா